இருப்பதைக் கொண்டே சாஃப்ட் ஸ்விட்ச்சிங்

பவர் எலக்ட்ரானிக்ஸ் படித்த ஒருவரிடம் சாஃப்ட் ஸ்விட்ச்சிங் என்றால் என்னவென்று கேட்டுப் பாருங்கள். ஸ்விட்ச்சிங் இழப்பை ஒழிக்கும் சுற்று என்று பதில் வரும். கூடவே ஒரு மின்தூண்டி, ஒரு மின்தேக்கி, ஓரிரு துணை ஸ்விட்ச்சுகள் சேர்ந்த படம் ஒன்றையும் போட்டுக் காட்டுவார்கள். அந்தப் படத்தோடுதான் எனக்கு வழக்கு. 1980களின் நடுவிலிருந்து இன்வெர்ட்டர்களுக்கென்று முன்வைக்கப்பட்ட சாஃப்ட் ஸ்விட்ச்சிங் முறைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் துலக்கமாகத் தெரிகிறது. சுற்றுக்குள் புதிதாக உறுப்புகளைக் கொண்டுவந்து சேர்த்த முறைகள் பெரும்பாலும் ஆய்வுக் கட்டுரைகளிலும் சில சிறப்புக் கருவிகளிலும் தங்கிவிட்டன. சுற்றில் ஏற்கெனவே இருக்கும் மின்தூண்டலையும், ஸ்விட்ச்சுக்குள்ளேயே ஒளிந்திருக்கும் மின்தேக்கத்தையும் வேலை வாங்கிய முறைகளோ நம் சமையலறை, தொலைக்காட்சி, வண்டி சார்ஜர் என்று எங்கும் நுழைந்துவிட்டன. புத்தகங்களில் இரண்டு வகையும் ஒரே அத்தியாயத்தில் அடுத்தடுத்து வருவதால் இந்த வேறுபாடு மாணவர் கண்ணில் படுவதில்லை. எது ஏன் நிலைத்தது என்று தெரியாமல் இந்த உத்திகளைப் படிப்பதில் பெரிய பயன் இல்லை என்று நினைக்கிறேன்.

முதலில் இழப்பு எங்கே நடக்கிறது என்று கணக்காகப் பார்ப்போம். 400 வோல்ட்டில் 20 ஆம்பியரை விட்டுவிட்டு ஓட்டும் ஒரு ஸ்விட்ச்சை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஃப் ஆகியிருக்கும்போது அதன்மேல் மின்னழுத்தம் உண்டு, மின்னோட்டம் இல்லை. ஆன் ஆகியிருக்கும்போது மின்னோட்டம் உண்டு, மின்னழுத்தம் ஏறக்குறைய இல்லை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கடக்கும் சில பத்து நானோ நொடிகளில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. ஒரு சுழற்சியில் ஆன், ஆஃப் இரண்டுக்குமாக இந்தக் கலப்பு நேரம் 100 நானோ நொடி என்றால், சுழற்சிக்குச் சுமார் 400 மைக்ரோஜூல் வெப்பமாகிறது. 20 கிலோஹெர்ட்ஸில் அது 8 வாட், 100 கிலோஹெர்ட்ஸில் 40 வாட். இது போக, ஆஃப் நிலையில் ஸ்விட்ச்சின் உள் மின்தேக்கத்தில் சேர்ந்திருக்கும் ஆற்றல், ஆன் ஆகும் கணத்தில் அதற்குள்ளேயே எரிந்துபோகிறது. 100 பிகோஃபாரட் என்று வைத்துக்கொண்டால் 8 மைக்ரோஜூல். சின்ன எண்தான். ஆனால் சுமையே இல்லாதபோதும் இந்த இழப்பு நிற்காது, 1 மெகாஹெர்ட்ஸுக்குப் போனால் இதுவே 8 வாட் ஆகிவிடும். எதிர்ப்புற டையோடு அணையும்போது ஒரு கணம் பின்னோக்கிப் பாயும் மின்னோட்டம் மூன்றாவது கணக்கு. சாதாரண சிலிக்கான் டையோடாக இருந்தால் சில சமயம் இதுவே மற்ற இரண்டையும் மிஞ்சிவிடும்.

இங்கேதான் சாஃப்ட் ஸ்விட்ச்சிங் வருகிறது. மடையின் இருபுறமும் நீர்மட்டம் சமமான பிறகு பலகையைத் தூக்கினால் இழுவையும் இல்லை, இரைச்சலும் இல்லை. அதுபோல ஸ்விட்ச்சின்மேல் இருக்கும் மின்னழுத்தம் தானாகச் சுழியத்துக்கு வந்தபின் அதை ஆன் செய்தால் கலப்பு இழப்பும் இல்லை, மின்தேக்க இழப்பும் இல்லை. இது சுழிய மின்னழுத்த முறை. மின்னோட்டம் சுழியத்துக்கு வந்தபின் ஆஃப் செய்வது சுழிய மின்னோட்ட முறை. மாஸ்ஃபெட்டுக்கு முதலாவது பொருந்தும், ஏனென்றால் அதன் தொல்லை உள் மின்தேக்கம். அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் வால்போல் மின்னோட்டம் இழுக்கும் ஐஜிபிடிக்கு இரண்டாவது பொருந்தும். மின்னழுத்தத்தைச் சுழியத்துக்குக் கொண்டுவருவது யார்? ஒரு மின்தூண்டி. பாலத்தின் ஒரு காலில் உள்ள மேல், கீழ் ஸ்விட்ச்சுகள் இரண்டும் ஆஃப் ஆகியிருக்கும் அந்தச் சிறு இடைவெளியில் மின்தூண்டியின் மின்னோட்டம் நிற்க முடியாமல் ஓடிக்கொண்டேயிருக்கிறது. அது ஒரு ஸ்விட்ச்சின் மின்தேக்கத்தைக் காலி செய்து மற்றதை நிரப்புகிறது. எரிந்துபோயிருக்க வேண்டிய ஆற்றல் சுற்றுக்கே திரும்புகிறது. இதற்கு வேண்டியவை இரண்டுதான்: சரியான திசையில் போதுமான மின்னோட்டம், அது வேலையை முடிக்கப் போதுமான இடைவெளி நேரம். இவ்விரண்டையும் தர வேறு ஒரு வேலைக்காக ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருக்கும் உறுப்பு போதுமா, புதிதாக ஒன்றை வாங்கி வைக்க வேண்டுமா என்பதில்தான் ஒரு முறையின் தலைவிதி இருக்கிறது.

எல்லா இடத்துக்கும் இது தேவை என்றும் எண்ணிவிட வேண்டாம். மின்தேக்கத்தில் சேரும் ஆற்றல் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு வளர்வது. வீட்டில் மின்வெட்டுக்கு வைத்திருக்கும் 12 வோல்ட் பேட்டரி இன்வெர்ட்டரில் பேட்டரிப் பக்கத்து மாஸ்ஃபெட்டின் மின்தேக்கம் 5 நானோஃபாரட் என்று தாராளமாக வைத்தாலும் சுழற்சிக்கு அரை மைக்ரோஜூல்கூட வராது. அங்கே உண்மையான பிரச்சினை 850 விஏ சுமைக்கு 70 ஆம்பியர் இழுப்பதுதான். 2 மில்லிஓம் தடையில் அந்த மின்னோட்டம் பாய்ந்தாலே 10 வாட் வெப்பம். அந்தப் பெட்டிக்குச் சாஃப்ட் ஸ்விட்ச்சிங் சுற்று போடுவதைவிடத் தடித்த செம்பும் நல்ல கிரிம்பிங்கும் அதிகப் பயன் தரும். ஐம்பது வோல்ட்டை ஒட்டி ஓடும் மின்ஸ்கூட்டர் மோட்டாரின் இன்வெர்ட்டருக்கும் ஏறக்குறைய இதே கதைதான். மின்னழுத்தம் சில நூறு வோல்ட்டைத் தாண்டி, அதிர்வெண்ணும் பத்துப் பத்தாகக் கிலோஹெர்ட்ஸில் ஏறும்போதுதான் நம் பேச்சுக்கு வேலை.

அப்படிப்பட்ட ஒரு பெட்டி பல தமிழ் வீடுகளில் இருக்கிறது: இன்டக்ஷன் அடுப்பு. மேசைமேல் வைக்கும் மலிவான வகைகளுக்குள் பெரும்பாலும் ஒரே ஒரு ஐஜிபிடிதான். 230 வோல்ட் வீட்டு மின்சாரத்தை நேராக்கினால் உச்சம் 325 வோல்ட். அது சுருள் வழியே அந்த ஒற்றை ஸ்விட்ச்சுக்குப் போகிறது. சுருளோடு இணையாக ஒரு மின்தேக்கி. சுருளின் மின்தூண்டல் 90 மைக்ரோஹென்றி, மின்தேக்கி 0.27 மைக்ரோஃபாரட் என்று வைத்தால் அவற்றின் ஒத்ததிர்வு சுமார் 32 கிலோஹெர்ட்ஸில் விழும். காதுக்குக் கேட்கும் எல்லைக்கு மேலே. ஐஜிபிடியை ஆன் செய்தால் சுருளில் மின்னோட்டம் ஏறுகிறது. ஆஃப் செய்ததும் சுருளும் மின்தேக்கியும் ஊசலாட, ஸ்விட்ச்சின்மேல் மின்னழுத்தம் ஆயிரம் வோல்ட் அளவுக்கு எழும்பி, மறுபடி இறங்கிச் சுழியத்தைத் தொடுகிறது. தொட்ட கணத்தில் கட்டுப்பாட்டுச் சிப் அடுத்த முறை ஆன் செய்கிறது. 1200 வோல்ட் தாங்கும் ஸ்விட்ச் அங்கே ஏன் என்பதற்கும் இதுதான் காரணம். பாத்திரத்தைச் சூடாக்க எப்படியும் ஒரு சுருள் வேண்டும். அந்தச் சுருளே சாஃப்ட் ஸ்விட்ச்சிங்கின் மின்தூண்டியும் ஆகிவிடுகிறது. அதற்கென்று தனியே ஒன்றும் வாங்கி வைக்கவில்லை. இரண்டு கிலோவாட் அளவுக்கான உயர் அதிர்வெண் இன்வெர்ட்டர் இவ்வளவு மலிவாகக் கடைக்கு வந்ததில் இந்த ஒரே உறுப்பின் இரட்டை வேலைக்குப் பெரும் பங்குண்டு.

இப்போது இன்னொரு பக்கத்தைப் பாருங்கள். 1986-இல் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தில் இருந்த தீபக் டிவான், ஒத்ததிர்வு டிசி இணைப்பு இன்வெர்ட்டர் என்ற கருத்தை முன்வைத்தார். அழகான யோசனை. இன்வெர்ட்டருக்குப் போகும் நேர் மின்னழுத்தத்தையே ஊசலாட வைத்துவிட்டால், அது சுழியத்தைத் தொடும் ஒவ்வொரு கணத்திலும் எந்த ஸ்விட்ச்சை வேண்டுமானாலும் இழப்பில்லாமல் மாற்றலாம். மூன்று ஃபேஸுக்கும் சேர்த்து ஒரே ஒரு மின்தூண்டியும் ஒரே ஒரு மின்தேக்கியும் போதும். ஆனால் அந்த மின்தூண்டி மொத்தத் திறனும் போகும் பாதையில் உட்கார்ந்திருக்கிறது. ஊசலாடும் மின்னழுத்தம் மூல மின்னழுத்தத்தைப்போல் இருமடங்குக்கும் மேலே போவதால் ஸ்விட்ச்சுகளை அதற்கேற்றாற்போல் பெரிதாக வாங்க வேண்டும். நினைத்த நேரத்தில் ஸ்விட்ச்சை மாற்றவும் முடியாது, சுழியம் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதனால் எல்லோருக்கும் பழகிய பிடபிள்யூஎம் கைவிட்டுப்போகிறது. உச்சத்தை 1.2 முதல் 1.4 மடங்குக்குள் பிடித்து நிறுத்த ஒரு கிளாம்ப் சுற்று பின்னர் வந்தது. அதுவும் இன்னொரு ஸ்விட்ச், இன்னொரு மின்தேக்கி.

1990-இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த டி டாங்கரும் லயன்ஸும் இந்தக் குறைகளுக்குப் பதில் போல ஒரு சுற்றைக் கொடுத்தார்கள். ஒத்ததிர்வு மின்தூண்டியை முக்கியப் பாதையிலிருந்து விலக்கி ஓரமாக வைத்தார்கள். மாறும் கணத்தில் மட்டும் துணை ஸ்விட்ச்சுகள் விழித்து, வேலை முடிந்ததும் அடங்கிவிடும். மின்னழுத்தச் சுமை கூடாது, பிடபிள்யூஎம்மும் அப்படியே இருக்கும். இதைவிட நேர்த்தியாக இந்தப் பிரச்சினையை யாரும் தீர்த்ததில்லை என்றுதான் சொல்வேன். ஆனாலும் மூன்று ஃபேஸ் இன்வெர்ட்டரில் ஆறு ஸ்விட்ச் இருந்த இடத்தில் இப்போது பன்னிரண்டு. ஒவ்வொன்றுக்கும் கேட் டிரைவர், ஃபேஸுக்கு ஒரு மின்தூண்டி, டிசி பக்கத்தில் நடுப்புள்ளி, சுமை மின்னோட்டத்துக்குத் தக்கபடி நேரத்தைக் கணிக்கும் கட்டுப்பாடு. ஒரு துணை ஸ்விட்ச் ஒரு மைக்ரோநொடி பிந்தினால் முக்கிய ஸ்விட்ச் முழு மின்னழுத்தத்தோடு ஆன் ஆகும். அதுவும் சும்மா இல்லை, கூடுதலாக வைத்த மின்தேக்கியின் ஆற்றலையும் சேர்த்துக்கொண்டு.

இதே காலத்தில் எதிரணியான சாதாரண ஸ்விட்ச்சிங்கும் சும்மா இருக்கவில்லை. சென்னையில் பிறந்து 1969-இல் ஐஐடி மெட்ராஸில் பட்டம் பெற்ற ஜெயந்த் பாலிகா, ஜெனரல் எலக்ட்ரிக்கில் உருவாக்கி வளர்த்த ஐஜிபிடி, தலைமுறைக்குத் தலைமுறை மேம்பட்டுக்கொண்டே வந்தது. வால் மின்னோட்டம் சுருங்கியது, கூட வரும் டையோடும் சாதுவானது. மோட்டார் ஓட்டும் இன்வெர்ட்டருக்கோ அதிக அதிர்வெண்ணே தேவையில்லை. மோட்டாரின் சுற்றுகளே பெரிய மின்தூண்டி என்பதால் 4 அல்லது 8 கிலோஹெர்ட்ஸில் ஓட்டினாலும் மின்னோட்டம் வழுவழுப்பாக இருக்கும். அந்த வேகத்தில் ஸ்விட்ச்சிங் இழப்பு பொறுத்துக்கொள்ளக்கூடியதாக ஆனபின், அதைத் துடைக்க ஆறு ஸ்விட்ச் கூடுதலாக யார் வைப்பார்? நல்ல சுற்றுகள் தோற்றதற்குத் தொழில்துறையின் சோம்பல் காரணம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. அந்தச் சுற்றுகள் தீர்த்த பிரச்சினை அந்த இடத்தில் சிறுத்துக்கொண்டே போனது. அவை கேட்ட விலை சிறுக்கவில்லை.

இதற்கு எனக்குக் கிடைக்கும் வலுவான சான்று, இதே ஆட்களின் இன்னொரு வேலை. டி டாங்கர், டிவான், கெரலுவாலா மூவரும் 1988-இல் இரட்டைப் பாலம் கொண்ட டிசி-டிசி மாற்றி ஒன்றை முன்வைத்தார்கள். மின்மாற்றியின் இருபுறமும் ஒவ்வொரு பாலம், நடுவில் அந்த மின்மாற்றி. மின்மாற்றி என்றால் கசிவு மின்தூண்டல் இருந்தே தீரும். பொறியாளர்கள் அதைக் குறைக்கத்தான் படாதபாடு படுவார்கள். இங்கே அந்தக் கசிவுதான் திறனைக் கடத்தும் மின்தூண்டி, அதுவே ஸ்விட்ச்சின் மின்தேக்கத்தைக் காலி செய்யும் மின்தூண்டி. இரு திசையிலும் திறன் ஓடும். இன்று மின்வாகனப் பேட்டரியிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் திருப்புவது, திண்மநிலை மின்மாற்றி என்று எங்கே பேச்சு எழுந்தாலும் இந்தச் சுற்று முன்னால் வந்து நிற்கிறது. அதே மூளைகள், அதே பத்தாண்டு, அதே சுழிய மின்னழுத்தக் கொள்கை. ஒன்று புதிய உறுப்பைக் கேட்டது, இன்னொன்று குறை என்று ஒதுக்கப்பட்ட ஒன்றை வேலைக்கு எடுத்துக்கொண்டது. எல்எல்சி மாற்றியும் இந்தக் குடும்பம்தான். டிவி, சர்வர், சார்ஜர் ஆகியவற்றின் பவர் சப்ளைகளில் அது இவ்வளவு பரவியதற்கு, மின்மாற்றியின் கசிவையும் காந்தமாக்கும் மின்னோட்டத்தையும் அது சாதகமாக்கிக்கொண்டதே காரணம்.

எதிர்வாதங்களுக்கு வருவோம். முதலாவது, சுமை குறைந்தால் சாஃப்ட் ஸ்விட்ச்சிங் கைவிட்டுவிடும் என்பது. உண்மைதான். இன்டக்ஷன் அடுப்பிலேயே இதைப் பார்க்கலாம். குறைந்த சூட்டில் வைத்தால் பால் கொஞ்ச நேரம் பொங்கி, அடங்கி, மறுபடி பொங்குகிறதல்லவா? சுருளில் சேர்ந்த ஆற்றல் குறைவாக இருக்கும்போது மின்னழுத்தம் சுழியம்வரை இறங்காது. 100 வோல்ட்டில் தொங்கும்போது ஆன் செய்தால் 0.27 மைக்ரோஃபாரட் மின்தேக்கியின் ஆற்றல் 1.35 மில்லிஜூல், நொடிக்கு 25,000 முறை என்றால் 34 வாட், அந்த ஒற்றை ஐஜிபிடிக்குள் கூடுதலாக எரியும். அதனால்தான் இவ்வகை அடுப்புகள் தொடர்ந்து மெல்ல எரிவதற்குப் பதிலாக நல்ல திறனில் ஓடி, நின்று, ஓடுகின்றன. ஆனால் இந்தக் குறை எல்லாச் சுற்றுக்கும் ஒன்றுபோல் இல்லை. எல்எல்சியில் காந்தமாக்கும் மின்னோட்டம் சுமை இல்லாதபோதும் ஓடுவதால் அங்கே சுழிய மின்னழுத்தம் கைவிடுவதில்லை. ஃபேஸை நகர்த்திக் கட்டுப்படுத்தும் முழுப் பாலத்தில் ஒரு பக்கத்துக் கால் மட்டும் சீக்கிரம் தடுமாறும். ஆகவே மென்மை இருக்கிறதா என்று கேட்பதோடு நிற்காமல், எந்தச் சுமைவரை இருக்கிறது என்று ஒவ்வொரு சுற்றிடமும் கேட்க வேண்டும்.

இரண்டாவது எதிர்வாதம் இப்போது அதிகம் காதில் விழுவது. சிலிக்கான் கார்பைடும் காலியம் நைட்ரைடும் வந்துவிட்டன, அவை அவ்வளவு வேகமாக மாறுவதால் கலப்பு நேரமே சொற்பம், இனி இந்த வித்தையெல்லாம் எதற்கு? நான் இதைத் தலைகீழாகப் பார்க்கிறேன். இந்த ஸ்விட்ச்சுகளில் ஆஃப் ஆகும்போது வரும் இழப்பு மிகவும் சிறியது. மிச்சம் இருப்பதில் பெரும்பங்கு ஆன் ஆகும்போது வருவது. சுழிய மின்னழுத்த முறை துடைப்பது அதைத்தான். உள் மின்தேக்கமும் சிறியது என்பதால் அதைக் காலி செய்யக் கொஞ்சம் மின்னோட்டமே போதும். கூகுளும் ஐஇஇஇயும் 2014-இல் அறிவித்த லிட்டில் பாக்ஸ் போட்டியை நினைத்துப் பாருங்கள். 2 கிலோவாட் இன்வெர்ட்டர், கன அங்குலத்துக்குக் குறைந்தது 50 வாட், 100 மணி நேரச் சோதனை, பரிசு 10 லட்சம் டாலர். 2016-இல் முதலிடம் பெற்ற பெல்ஜியத்தின் சிஇ+டி பவர் அணி கன அங்குலத்துக்கு 140 வாட்டைத் தாண்டியது. அவர்கள் காலியம் நைட்ரைடையும் சுழிய மின்னழுத்த முறையையும் சேர்த்தே பயன்படுத்தினார்கள்.

அந்தப் போட்டியிலிருந்தே என்னை நோக்கி ஒரு கேள்வியைத் திருப்பலாம். ஜூரிச்சின் இடிஹெச் குழு முக்கோண மின்னோட்ட முறையைக் கையாண்டது. வடிகட்டியாக இருக்கும் மின்தூண்டியின் மின்னோட்டத்தை ஒவ்வொரு சுழற்சியிலும் சுழியத்துக்குக் கீழே சற்று இறங்கவிட்டு, எல்லா நேரமும் மென்மையாக மாறுவது அதன் வழி. புதிய உறுப்பு ஏதும் இல்லை, என் வாதத்துக்கு ஏற்ற சுற்று. ஆனால் அதே குழு பின்னர் நிலையான அதிர்வெண்ணில் ஓடும் பிடபிள்யூஎம்முக்குத் திரும்பி இன்னும் சிறிய பெட்டியைக் காட்டியது. காரணம் கணக்கிலேயே இருக்கிறது. சராசரி மின்னோட்டம் ஒன்றாக இருக்க, அது சுழியத்துக்கும் இருமடங்குக்கும் இடையே முக்கோணமாக ஏறி இறங்கினால் கடத்தல் இழப்பு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். அதிர்வெண்ணும் சுழற்சிக்குள் பல மடங்கு மாறுவதால் வடிகட்டியும் கட்டுப்பாடும் சிரமப்படும். இது என் வாதத்தை முறிக்கிறதா? திருத்துகிறது என்று சொல்வேன். உறுப்பு புதிதாக வராவிட்டாலும் மின்னோட்டம் புதிதாக வந்தால் அதற்கும் விலை உண்டு. மின்னோட்ட அலைவைத் தாராளமாக விட்ட பிடபிள்யூஎம்மில், வெளியீடு சுழியத்தை ஒட்டி இருக்கும் நேரங்களில் மின்னோட்டம் தானாகவே இருதிசையிலும் போய்வரும், மென்மையும் தானாக வரும். உச்சத்தில் மட்டும் கொஞ்சம் கடினமாக மாறும். அந்தக் கொஞ்சத்தை ஏற்றுக்கொள்வது மொத்தத்தில் லாபம். முழு மென்மை என்ற ஆசையை விட்டபோதுதான் பெட்டி சிறுத்தது.

ஒரு சதவீதம் மிச்சம் பிடிக்க இத்தனை பாடா என்று கேட்பவர்களுக்கும் ஒரு சொல். 5 கிலோவாட் சோலார் இன்வெர்ட்டர் 97 சதவீதத்தில் ஓடினால் உள்ளே சுமார் 150 வாட் வெப்பம், 98 சதவீதத்தில் 100 வாட். மின்கட்டணத்தில் அது தெரியாமல் போகலாம். வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. மின்பகு மின்தேக்கியின் சூடு 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இருமடங்காகும் என்பது துறையில் வழங்கும் கைக்கணக்கு. சித்திரை வெயிலில் வேலூரிலோ திருச்சியிலோ வெளிச்சுவரில் தொங்கும் பெட்டிக்கு இது அலங்கார விஷயமே இல்லை. பல மாடல்கள் 45 அல்லது 50 டிகிரிக்கு மேல் தாமாகவே உற்பத்தியைக் குறைத்துக்கொள்கின்றன, அதுவும் வெயில் நன்றாக அடிக்கும் நேரத்தில்.

அப்படியானால் துணை ஸ்விட்ச் வைத்த 1990-ஆம் ஆண்டுச் சுற்றை அருங்காட்சியகத்தில் வைத்துவிடலாமா? அதை இன்னும் செய்துவிட முடியாது. மின்கார் மோட்டார் இன்வெர்ட்டர்கள் 400, 800 வோல்ட்டில் ஓடுகின்றன, சிலிக்கான் கார்பைடுக்கும் மாறி வருகின்றன. டெஸ்லா 2017-இல் மாடல் 3 காரிலேயே தொடங்கிவிட்டது. இந்த ஸ்விட்ச்சுகள் நானோ நொடிக்கு 50 வோல்ட்டுக்கும் மேலான வேகத்தில் மாறக்கூடியவை. மோட்டாரின் காப்புறையும் பேரிங்குகளும் அந்த வேகத்தைத் தாங்குவதில்லை. அதனால் கேட்டில் தடையைக் கூட்டி, விலை கொடுத்து வாங்கிய வேகத்தை வேண்டுமென்றே குறைக்கிறார்கள், இழப்பும் ஏறிவிடுகிறது. இல்லையென்றால் மோட்டாருக்கு முன்னால் தனியாக ஒரு வடிகட்டியை வைக்கிறார்கள். துணை ஸ்விட்ச் சுற்று மின்னழுத்தம் ஏறும் வேகத்தைத் தன் மின்தேக்கிகளாலேயே மட்டுப்படுத்துகிறது, அதற்காக இழப்பைக் கூட்டுவதுமில்லை. நேரத்தைக் கணிக்கும் வேலையும் 1990-இல் இருந்ததுபோல் பாரமாக இல்லை, சில டாலர் மைக்ரோகன்ட்ரோலரே சுழற்சிக்குச் சுழற்சி அதைத் திருத்தும். அந்தப் பழைய சுற்று மறுபடி எழுமா என்பதை அதன் ஆறு துணை ஸ்விட்ச்சுகளின் விலையை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. அவை வந்தால் எடுத்துவிடக்கூடிய வடிகட்டியின் விலை, எடை, கேட் தடையால் எரியும் வாட் ஆகியவற்றைத் தட்டின் மறுபக்கத்தில் வைக்க வேண்டும். வடிகட்டியே தேவைப்படாத வண்டிகளில் அந்தத் தட்டு இன்னும் பழைய பக்கமே சாய்கிறது. நீண்ட கேபிளுக்கு அப்பால் மோட்டார் இருக்கும் தொழிற்சாலை டிரைவ்களிலும், அதிவேக மோட்டார்களிலும் அது மெல்ல இந்தப் பக்கம் நகர்கிறது.